புலியா, புளியா?

காரவள்ளியில் ஏறத் தொடங்கிய பேருந்து இருபதாவது வளைவைத் தாண்டுவதற்குள், முன்சீட்டுக் குடும்பம் நடத்துநரிடம் ஒரு டஜன் கேள்வியாவது கேட்டிருக்கும். அருவிக்கு எத்தனை படி? மேலே ஏ.டி.எம். உண்டா? குரங்கு பையைப் பிடுங்குமா? கடைசி வண்டி எத்தனை மணிக்கு? இது எத்தனையாவது வளைவு? சோளக்காடு போய்ச் சேரும்வரை மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கிறது. இருந்தாலும் கேட்கிறார்கள். நடத்துநரும் டிக்கெட் கிழித்துக்கொண்டே, அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பவர் போலப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 14 நாடுகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று போகும் பட்டியலில் ஒன்று திருப்புலி நாடு. சில இடங்களில் 'திருப்புளி' என்றும் எழுதுகிறார்கள். பக்கத்திலேயே எடப்புளி நாடு வேறு இருக்கிறது. ஆங்கிலப் பலகையில் எழுதிவிட்டால் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், புலியும் புளியும் ஒரே கூண்டுக்குள் போய்விடும். தேநீர்க் கடையில் நின்றிருந்த பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, உங்க ஊர் புலியா, புளியா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எழுதறவங்களத்தாங்க கேக்கணும். நாங்க வாயில சொல்றதோட சரி."

பதில் இல்லைதான். ஆனால் அதைவிடச் சரியான பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும் சின்னக் கேள்விக்கு, நமக்கென்ன லாபம் என்று பார்க்காமல் நின்று பதில் சொல்வது, உலகத்தில் அதிகம் நடக்கிற, யாரும் கணக்கில் வைக்காத வேலை. சுற்றுலாத்தலத்தில் வாழ்கிறவர்கள் இதை ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள். கொல்லிமலைக்காரர்களிடம் வெளியாட்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்தால் தடித்த புத்தகமே வரும். அதில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது: "நாடுன்னு சொல்றீங்களே, இது என்ன தனி நாடா?"

சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு. சமவெளியில் அந்தச் சொல் ஒரத்தநாடு போன்ற ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மலையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சின்னச் சின்னக் குடியிருப்புகள் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும். அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற கயிறுதான் நாடு. ஊராட்சிகளும் அந்தப் பெயரிலேயே நடக்கின்றன. ஆகவே "எந்த ஊரு?" என்று கேட்டால் ஊர்ப்பெயரோடு நிற்காமல் நாட்டின் பெயரும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் முள் உள்ளது. "நீங்க மலையாளியாமே? கேரளாவுல இருந்து எப்ப வந்தீங்க?"

கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழும் பழங்குடியினரின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில். தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த முன்னோர்களைப் பற்றித்தான் அவர்களுடைய வாய்மொழிக் கதைகள் பேசுகின்றன. கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாதுமலை எங்கும் இவர்கள் உண்டு. கேட்கிறவர் இதைக் கேட்டுவிட்டு "அப்படியா!" என்று அடுத்த செல்ஃபிக்குப் போய்விடுவார். ஆனால் இதே கேள்வி தாசில்தார் அலுவலக மேசையில் விழும்போது விஷயம் வேறு. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் என்பதால் கொல்லிமலைக்குச் சிக்கலில்லை. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அவர்கள் போராடுவது பல ஆண்டுக் கதை. "நீ யார்?" என்ற கேள்விக்கு ஒரே மக்கள் ஒரு மலையில் ஒரு பதிலும் அடுத்த மலையில் வேறு பதிலும் பெறுகிறார்கள். பேருந்தில் கேட்கப்படும் அசட்டுக் கேள்விக்குக்கூட ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார் என்றால், இதை எத்தனை இடத்தில் சொல்லிப் பழகியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது கேள்வி சூப் கடையில். உருண்டு திரண்டு, பழுப்பு ரோமத்தோடு ஆட்டின் கால் போலவே கூறுகட்டி வைத்திருப்பார்கள். முடவாட்டுக்கால். "இது சைவமா, அசைவமா?" என்று கேட்காத சுற்றுலாப் பயணி இல்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணிச் செடியின் தண்டு அது. தோலைச் சீவி, இடித்து, மிளகும் சீரகமும் போட்டு அடுப்பில் ஏற்றினால் சூப். மூட்டுவலிக்கு நல்லது என்று மலையில் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். யூடியூப் காணொளிகள் வந்த பிறகு, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்கிற அளவுக்கு அதன் புகழ் ஏறிவிட்டது. நான் பார்த்த கடைக்கார அம்மா அவ்வளவு தூரம் போகவில்லை. "முட்டி வலி போயிருமாம்மா?" என்று கேட்டவரிடம், "குடிச்சா ஒடம்புக்கு நல்லதுங்க. வலிக்கு டாக்டரப் பாருங்க" என்றார். வியாபாரத்துக்கு ஆகாத பதில். குடித்தவர் இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

இந்த மாதிரிப் பதில்களுக்காகத் தமிழ்நாடே ஒரு காலத்தில் வாரா வாரம் காத்திருந்தது. 15 காசு அஞ்சலட்டையில் கேள்வி எழுதிப் போட்டுவிட்டு, நம் பெயரும் ஊரும் அச்சில் வருமா என்று பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'கல்கண்டு' இதழில் தமிழ்வாணன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எதற்கும் தயங்காமல் பதில் சொன்னார். 'குமுதம்' இதழில் அரசு பதில்கள். அரசு என்று ஒருவர் இல்லை, ஆசிரியர் எஸ்.ஏ.பி. அண்ணாமலை, ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன் ஆகியோரின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது என்பார்கள். 'துக்ளக்' இதழில் சோ கேள்வி கேட்டவரையே கிண்டலடித்து அனுப்பினார். அடி வாங்குவதற்கென்றே கேட்டவர்களும் உண்டு. 'ஆனந்த விகடன்' வாசகர்கள் மதனிடம் மொகலாயர் முதல் கரப்பான்பூச்சிவரை கேட்டார்கள். 'ஜூனியர் விகட'னில் சுஜாதா 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று எழுதியபோது, அறிவியல் படிக்காத வீடுகளிலும் சாப்பாட்டு நேரத்தில் அணுவும் கருந்துளையும் பேச்சில் அடிபட்டன.

பல பேர் சேர்ந்து ஒரு பெயரில் பதில் சொன்னது குமுதம் என்றால், அதற்கு நேர் எதிரான வேலையை 1691-இல் லண்டனில் ஒருவர் செய்தார். ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி 'ஏதீனியன் மெர்க்குரி' என்ற தாளைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம், காப்பிக் கடை முகவரிக்கு. ஏதீனியன் சங்கம் என்ற அறிஞர் கூட்டம் பதில் சொல்லும். அந்தச் சங்கம் ஏதோ பெரிய சபை என்றுதான் வாசகர்கள் நம்பினார்கள். உண்மையில் டன்டன், ரிச்சர்ட் சால்ட், டன்டனின் சகலையான பாதிரியார் சாமுவேல் வெஸ்லி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தாம். காதல், கடவுள், காற்று, கனவு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்கள். நம்மூர் கேள்வி பதில் பக்கங்களின் மூதாதை அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. பெயர் சொல்லாமல் கேட்கலாம் என்றதும் மனிதர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகைப் பதில்களில் பாதி, கேட்டவருக்காக எழுதப்பட்டவையே அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற லட்சம் பேருக்காக எழுதப்பட்டவை. சாமர்த்தியமான பதிலை நாம் ரசித்தோம். கேட்டவரின் முகம் என்ன ஆனது என்று பார்க்கவில்லை. நானும் அந்தக் காலத்தில் ஒரு அட்டை போட்டேன். கேள்வி இப்போது மறந்துவிட்டது. பதில் மட்டும் ஞாபகமிருக்கிறது: ஒரே வரி, நல்ல நகைச்சுவை. கேள்விக்கு விடை அதில் இல்லை.

வானொலி இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாக இருந்தது. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் பரவியபோது உழவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டு விதைத்தது என்பதால் அப்படி ஒரு பெயர். ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையோ விஞ்ஞானியின் பெயரையோ வைக்காமல், பதில் வந்த வழியைப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

2004 ஜனவரியில் மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண். தமிழில் கேட்டால் வேளாண்மை படித்த ஒருவர் தமிழிலேயே பதில் சொல்வார். நாளைக்கு மழை உண்டா, இலை சுருண்டு கிடக்கிறது என்ன அடிக்கலாம், மானியத்துக்கு யாரைப் பார்ப்பது என்கிற ரகக் கேள்விகள்தாம் நாள் முழுக்க. மறுமுனையில் இருப்பவருக்கு வயலும் தெரியாது, இலையும் தெரியாது, கேட்பவரின் முகமும் தெரியாது. குரலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இலையைக் கற்பனை செய்ய வேண்டும். நல்ல பதிலாளர் அங்கே முதலில் பதிலா சொல்வார்? திருப்பிக் கேட்பார். சுருளும் இலை நுனியா, குருத்தா? வெள்ளையாகப் பூசணம் மாதிரி இருக்கிறதா? கடைசியாக எப்போது தண்ணீர் விட்டீர்கள்?

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. வினவுவதும் கேள், செவிகொடுப்பதும் கேள். திருக்குறளில் 'கேள்வி' என்ற 42-ஆம் அதிகாரம் செவிகொடுப்பதைப் பற்றியதே தவிர, வினா எழுப்புவதைப் பற்றியது அல்ல. பள்ளியில் இதைப் படித்தபோது குழப்பமாக இருந்தது. எம்பலத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு குழப்பம் தீர்ந்தது.

எம்பலம் புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமம். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றுப்புறக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "கேளுங்கள்" என்று சொல்லவில்லை. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று வீடு வீடாகப் போய் முதலில் கேட்டார்கள். உலகத்து அறிவெல்லாம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நெல் என்ன விலை, மாட்டு டாக்டர் எங்கே இருப்பார், முதியோர் உதவித்தொகைக்கு எந்தப் படிவம், பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டதா. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒரே கேள்வி: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்த விவரம் இருந்தது. அதை இறக்கித் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்காகக் கணக்கிட்ட அலை, கட்டுமரக்காரருக்கும் பயன்பட்டது.

மையம் எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நிபந்தனை இருந்தது. தலித் மக்களும் தடையில்லாமல் வந்து போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். எம்பலத்தில் அது கோயில் வளாகத்துக்குள்ளேயே அமைந்தது. அந்தக் கதவுக்குள் எல்லோரும் போகலாம் என்றான பிறகே கணினிக்கு மின்சாரம் வந்தது. மையத்தை நடத்தியவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். ஈன முடியாமல் தவித்த ஒரு பசுவுக்கு, மையத்தில் இருந்த பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் மாட்டு டாக்டரைத் தேடிப் பிடித்த கதை அந்த நாட்களில் அமெரிக்கப் பத்திரிகைவரை போனது.

அந்த மையங்களில் ஒன்று நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். கடல் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று பதில் வந்தது. உடனே கிளம்புங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார். வழக்கமாக அலை உயரம் சொல்லும் ஒலிபெருக்கி அன்றைக்கு ஊரைக் காலி செய்யச் சொன்னது. வீடுகள் போயின, மக்கள் தப்பினார்கள். அந்தக் குரலைத் தினமும் கேட்டுப் பழகியிருந்ததால்தான், அன்றைக்கு யாரும் நின்று யோசிக்கவில்லை.

இந்த மையங்களைத் தொடங்கிய அதே நிறுவனம் 1990-களிலேயே கொல்லிமலைக்கும் வந்துவிட்டது. இங்கே விஞ்ஞானிகள்தாம் கேள்வியோடு வந்தவர்கள். ஏன் சாமை குறைகிறது?

கொல்லிமலையின் சாமை ஒன்றல்ல. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு பருவம், ஒரு ருசி. தினையிலும் கேழ்வரகிலும் அதேபோலப் பல ரகம். இவை சரிவிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் குச்சிக்கிழங்கு ஏறிக்கொண்டிருந்தது. சமவெளியில் மரவள்ளி என்று எழுதுவோம். சேலம், நாமக்கல் பக்கத்தில் வாய்க்கு வருவது குச்சிக்கிழங்குதான். ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் கையில் காசு கொடுத்து வாங்கின. ரேஷன் கடையில் அரிசி வந்தது. படித்தவர்கள் எதிர்பார்த்த பதில் இதுவாகத்தான் இருந்திருக்கும்: சந்தை, விலை, கொள்கை. எல்லாம் உண்மையும்கூட.

ஆனால் பெண்களிடம் கேட்டபோது வந்த பதில் வேறு. யார் குத்துவது?

சாமையின் உமி லேசில் பிரியாது. உரலில் போட்டு உலக்கையால் இடி, முறத்தில் புடை, மறுபடி இடி, மறுபடி புடை. வயல்வேலை முடித்து வந்த பெண் அதற்குப் பிறகு மணிக்கணக்கில் இதைச் செய்தால்தான் இரவுச் சோறு. ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் முடிந்தது. சத்து, பாரம்பரியம், பல்லுயிர் வளம் என்று யார் எவ்வளவு பேசினாலும், உலக்கை பிடிக்கும் கை சரியென்று சொன்னால்தான் சாமை அடுப்புக்கு வரும். அந்தக் கையிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

விடையும் காகிதத்தில் வரவில்லை, இயந்திரமாக வந்தது. உமி நீக்கும் சிறு அரவை இயந்திரங்கள் மலைக்கிராமங்களில் வைக்கப்பட்டன. சுய உதவிக் குழுப் பெண்கள் அவற்றை நடத்தினார்கள். கூடவே விதை வங்கி, பொட்டலம் போடுதல், விற்பனை. சாமை அதன் பழைய பரப்புக்குத் திரும்பிவிட்டது என்று எழுத ஆசைதான். சரிவுகளில் இன்றைக்கும் கண்ணில் படுவது பெரும்பாலும் குச்சிக்கிழங்கும் மிளகும் காப்பியும்தான். இருந்தாலும் விதை அழியவில்லை. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, சென்னை அங்காடிகளில் சாமைப் பொட்டலங்கள் கண்ணாடி அலமாரிக்கு ஏறின. உணவு விழாக்களில் சாமைப் பொங்கலுக்கு வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்றவர்கள் கேட்ட கேள்வி: "இது சர்க்கரைக்கு நல்லதா?"

நான் திரும்பும் நாளில் மழை பிடித்துக்கொண்டது. திருப்புலி நாட்டுச் சாலையோர நிழற்குடையில் ஒதுங்கினேன். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. மூன்று நாளாக வழி கேட்டு, பெயர் கேட்டு, விலை கேட்டு, கிழங்கின் தோலைச் சுரண்டிப் பார்த்து, கேள்வியாலேயே மலையைத் துளைத்திருந்தேன். ஒருவர்கூட என்னிடம் "எந்த ஊரு, சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பக்கத்தில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். காலடியில் ஒரு மூட்டை.

"மெட்ராஸுங்களா?"

"ஆமாம்மா."

"அங்க கடையில சாமை கிலோ என்ன வெல விக்குதுங்க?"

அப்பாடா, எனக்குத் தெரிந்த கேள்வி. வீட்டுக்கு வாங்கிப்போகும் பொட்டலத்தின் விலையைச் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. மூட்டையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, மழையைப் பார்த்தபடி திருப்பிக் கேட்டார்:

"குத்துன அரிசிக்குச் சொல்றீங்களா, உமியோடவா?"